உறைந்த குளத்தின் கரையில் ஒரு வீடு: ஹென்றி டேவிட் தோரோவின் வாழ்க்கை

பனிச்சங்கேணி என்ற பெயரைக் கேட்கும் வெளியூரவர் சிலர் அதில் பனியைத் தேடுவதுண்டு. பெயரில் இருப்பது பனி அல்ல, பனிச்சை மரம். அதன் காயை மீனவர்கள் முன்னர் வலைக்குச் சாயமேற்றப் பயன்படுத்தினார்கள். கேணி என்பது நீர்நிலை. ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் சேர்ந்து ஊரின் பெயராகியிருக்கின்றன. மார்கழியில் மழை விட்ட நாட்களில் களப்பு நிறைந்து அசையாமல் கிடக்கும். வாடைக்காற்றுக்கு ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். எங்களுக்கு அதுதான் குளிர்காலம்.

நீர்நிலையின் கரையில் ஒரு சிறிய வீட்டில் குளிர்காலத்தைக் கழித்து, அதை உலகம் முழுவதும் படிக்கும்படி எழுதிவைத்தவர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அவர் இறந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரைக் காட்டில் தனியே வாழ்ந்த துறவி என்றும், இயற்கையின் காதலர் என்றும் சுருக்கிச் சொல்வது வழக்கம். வீடு இழந்தவர்களும், இழந்த இடத்துக்குத் திரும்பி மீண்டும் கட்டியவர்களும், திரும்பவே முடியாமல் போனவர்களும் வாழும் எங்கள் பிரதேசத்திலிருந்து படிக்கும்போது அவரது கதையில் வேறு சில பக்கங்கள் முன்னுக்கு வருகின்றன. அந்தப் பக்கங்களுக்காகவே அவரது வாழ்க்கையை இங்கே சொல்கிறேன்.

பென்சில் செய்பவரின் மகன்

தோரோ 1817 ஜூலை 12 ஆம் திகதி, பொஸ்டன் நகருக்கு மேற்கே உள்ள கொன்கோர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். வைத்த பெயர் டேவிட் ஹென்றி. அதை அவரே பின்னாளில் ஹென்றி டேவிட் என்று மாற்றிக்கொண்டார். வீட்டில் நான்கு பிள்ளைகள்: ஹெலன், ஜோன், ஹென்றி, சோபியா. தந்தை சிறிய அளவில் பென்சில் உற்பத்தி செய்தார். தாய் வீட்டில் வாடகைக்கு ஆட்களை வைத்துச் சமைத்துப் போட்டார். வசதியான குடும்பம் இல்லை. எனினும் 1833 இல் அவரை ஹார்வார்ட் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1837 இல் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஊர்ப் பாடசாலையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பிள்ளைகளைப் பிரம்பால் அடித்துத்தான் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று பாடசாலைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வற்புறுத்தினார். தோரோவுக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு வாரங்களில் வேலையை விட்டார். பிறகு அண்ணன் ஜோனுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு பள்ளி நடத்தினார். அங்கே அடி இல்லை. பிள்ளைகளை வயலுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதே 1837 இல் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஊரில் குடியிருந்த எழுத்தாளர் ரால்ப் வால்டோ எமர்சனின் நட்பு அப்போது கிடைத்திருந்தது. எமர்சன் 14 வயது மூத்தவர். நாட்குறிப்பு 24 ஆண்டுகள் தொடர்ந்தது. மொத்தம் 20 இலட்சம் சொற்களுக்கு மேல். அவர் பிற்காலத்தில் எழுதிய எல்லாவற்றுக்கும் அதுவே விதைநெல்.

அண்ணனும் தம்பியும் 1839 இல் தாங்களே செய்த படகில் கொன்கோர்ட், மெரிமாக் ஆறுகளில் இரண்டு வாரம் பயணம் போனார்கள். மூன்று ஆண்டு கழிவதற்குள் ஜோன் இல்லை. சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலில் பட்ட சிறு வெட்டு ஏற்புவலியில் கொண்டுபோய் விட்டது. 1842 ஜனவரி 11 ஆம் திகதி அவர் தம்பியின் கைகளில் உயிர்விட்டார். நோய் இல்லாமலே ஹென்றிக்கும் அதே அறிகுறிகள் வந்தன. தாடை இறுகியது, உடல் விறைத்தது. குடும்பம் இரண்டாவது மகனையும் இழக்கப்போகிறோம் என்று அஞ்சியது. அதே மாதம் 27 ஆம் திகதி எமர்சனின் ஐந்து வயது மகனும் செங்காய்ச்சலில் இறந்தான். தோரோ அந்தக் குழந்தையைத் தூக்கி விளையாடியவர்.

ஒருவரின் சாவு மற்றவரின் உடம்பில் இறங்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோரோ குளக்கரைக்குப் போனதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அங்கே அவர் எழுதி முடிக்க விரும்பிய முதல் நூல் அண்ணனுடன் போன அந்த ஆற்றுப் பயணம் பற்றியது. அதில் ஜோனின் பெயரை அவர் எழுதவில்லை. அண்ணனுக்கு அவர் கட்டிய நினைவுக்கல் அந்த நூல்தான்.

28 டொலர் வீடு

கொன்கோர்ட்டுக்குத் தெற்கே ஒன்றரை மைல் தூரத்தில் வோல்டன் குளம் இருக்கிறது. குளத்தை ஒட்டிய சிறு காட்டுத்துண்டு எமர்சனுக்குச் சொந்தம். 1845 மார்ச் மாத இறுதியில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு அங்கே போய்ப் பைன் மரங்களை வெட்டத் தொடங்கினார்.

வீட்டின் அளவு 15 அடிக்கு 10 அடி. மொத்தச் செலவு 28 டொலரும் பன்னிரண்டரைச் சதமும். அந்தக் கணக்கை அவர் நூலில் ஒவ்வொரு வரியாகப் போட்டிருக்கிறார். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டொலர். கண்ணாடியுடன் பழைய யன்னல் இரண்டுக்கு 2 டொலர் 43 சதம். ஆணிக்கு 3 டொலர் 90 சதம். கதவுத் தாழுக்கு 10 சதம். சுண்ணக்கட்டிக்கு ஒரு சதம். ஹார்வார்ட் மாணவர் ஓர் அறைக்கு ஆண்டுக்கு 30 டொலர் வாடகை கொடுத்த காலம் அது. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வரும்வரை காத்திருந்து, சீமெந்து விலையையும் மேசன் கூலியையும் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்த ஆட்களுக்கு இந்தக் கணக்குப் பக்கத்தின் அருமை தெரியும்.

அந்தக் கணக்கில் பலகைக்கான செலவு எட்டு டொலர் சொச்சம். பெரும்பாலான பலகைகள் ஒரு பழைய குடிசையிலிருந்து வந்தவை. அந்தக் குடிசை ஜேம்ஸ் கொலின்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளியின் வீடு. குளத்தை ஒட்டி 1844 இல் போடப்பட்ட ரயில் பாதையில் வேலை செய்ய வந்தவர்கள் அந்தக் குடும்பத்தார். பாதை முடிந்ததும் வேறு வேலை தேடிப் புறப்பட வேண்டியிருந்தது. தோரோ 4 டொலர் 25 சதத்துக்குக் குடிசையை வாங்கினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, தங்கள் சொத்து முழுவதையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பம் தெருவில் போவதை எதிரே கண்டார். படுக்கை, கோப்பி அரைக்கும் ஆலை, முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் எல்லாம் அதில் இருந்தன. பூனையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அது காட்டுக்குள் ஓடி, பிறகு பொறி ஒன்றில் சிக்கிச் செத்தது.

தோரோ இந்தக் காட்சியைச் சில வரிகளில் சொல்லிவிட்டு ஆணி பிடுங்கும் வேலைக்குப் போய்விடுகிறார். என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. ஒரே மூட்டை, கோழி, விட்டுவந்த பூனை: 2006 இல் வாகரைப் பிரதேசத்திலிருந்து வாழைச்சேனைப் பக்கம் நடந்தும் தோணியிலும் வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. உலகப் புகழ்பெற்ற அந்த அமைதியான வீடு, வெளியேறிப்போன ஓர் ஏழைக் குடும்பத்தின் பலகைகளால் எழுந்தது. அதை மறைக்காமல் எழுதியது தோரோவின் நேர்மை.

1845 ஜூலை 4 ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், அவர் குடிபுகுந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் எழுதுபலகை, மூன்று நாற்காலிகள். வெளியே இரண்டரை ஏக்கரில் அவரை போட்டார். அங்கே வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் இரண்டு நாட்களும். இடையிடையே ஊருக்கு நடந்துபோய்ப் பெற்றோர் வீட்டில் சாப்பிட்டும் வந்தார். அதைச் சுட்டிக்காட்டி அவரைக் கேலி செய்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் தான் முற்றும் துறந்தவன் என்று அவர் எங்கும் உரிமை கோரவில்லை. வாழ்வதற்கு உண்மையில் எவ்வளவு போதும் என்று கணக்குப் பார்க்கத்தான் அங்கே போனார்.

ஒரு குளிர்கால நாள்

1845 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு குளம் முழுவதும் உறைந்தது. அதற்கு முன்பே, நவம்பரில், சுவருக்குச் சாந்து பூசி முடித்திருந்தார். புகைபோக்கியைத் தானே பழைய செங்கல்லால் கட்டியிருந்தார். அவர் எழுதியவற்றிலிருந்து அங்கே கழிந்த ஒரு குளிர்கால நாளை இப்படித் தொகுத்துச் சொல்லலாம்.

காலையில் முதல் வேலை தண்ணீர். கோடரியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு குளத்துக்குள் நடப்பார். ஓர் அடி பனியை விலக்கி, அதன் கீழ் ஓர் அடி கனமான ஐஸை வெட்டி ஒரு துளை செய்வார். முழங்காலில் இருந்து குனிந்து குடிக்கும்போது கீழே மீன்களின் அமைதியான கூடம் தெரியும்; கோடையில் இருந்த அதே மணல் தரை, மங்கிய கண்ணாடி வழியே வருவதுபோன்ற வெளிச்சம். சற்று நேரத்தில் தூண்டிலும் சோற்றுப்பொதி போன்ற எளிய மதிய உணவுமாக ஆட்கள் வந்து ஐஸில் துளையிட்டு மீன் பிடிக்க உட்காருவார்கள். அவர்கள் புத்தகத்தில் படித்து எதையும் அறிந்தவர்கள் இல்லை, செய்து அறிந்தவர்கள் என்று தோரோ அவர்களை மதித்து எழுதுகிறார்.

முற்றிய பதம் வராத சோளக் கதிர்களை வாசலில் பனிமேல் எறிந்துவிட்டு உள்ளே இருந்து பார்ப்பார். செவ்வணில் வரும், நாலடி ஓடி நின்று நாடகம் போடும், ஒரு கதிரைத் தூக்கிக்கொண்டு போகும். பிறகு சிறு பறவைகள் வந்து அணில் சிந்திய மணிகளைப் பொறுக்கும். தரைப் பலகைக்குக் கீழே ஒரு முயல் குடியிருந்தது. விடிகாலையில் அது எழும்பும்போது பலகையில் தலை இடிபடும் சத்தம் கேட்கும்.

மதியத்துக்குப் பிறகு நடை. ஆழமான பனியில் எட்டுப் பத்து மைல் நடந்து, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் நெருப்பை விட்டுவிட்டுத்தான் போவார். ஒருமுறை மட்டும் மனம் கேட்காமல் யன்னலால் எட்டிப் பார்த்தபோது, பொறி ஒன்று படுக்கையில் விழுந்து உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது.

இரவில் குளம் சத்தம் போடும். கடுங்குளிரில் ஐஸ் விரிந்தும் சுருங்கியும் வெடிக்கும்போது எழும் நீண்ட உறுமல் அது. வெயில் ஏறும் காலையிலும் குளம் சோம்பல் முறிப்பதுபோல ஒலி எழுப்பும். கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவு இரவில் தோணியில் போய் மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் ஒலிக்குக் காதுகொடுத்த ஊரவர் நாங்கள். நீருக்குக் குரல் உண்டு என்பதை நம்புவது எங்களுக்குக் கடினமல்ல.

அடியில்லாக் குளம் என்ற கதை

வோல்டன் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பலர் பலகாலமாகச் சொல்லிவந்தார்கள். அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. 1846 இன் தொடக்கத்தில், ஐஸ் உருகுவதற்கு முன், தோரோ திசைகாட்டியும் சங்கிலியும் மீன்பிடிக் கயிற்றில் கட்டிய ஒரு கல்லும் எடுத்துக்கொண்டு உறைந்த குளத்தின்மேல் நடந்தார். நூற்றுக்கு மேற்பட்ட துளைகளை வெட்டி ஒவ்வொன்றிலும் கல்லை இறக்கி அளந்தார். மிக ஆழமான இடம் 102 அடி. பின்னாளில் கருவிகளைக் கொண்டு அளந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான் கிடைத்தது. அவர் வரைந்த வரைபடம் நூலிலும் அச்சானது.

அவரது வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் நாட்கள் இவை. அடியில்லை என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. சொல்பவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் போரில் செத்தவர்கள் எத்தனை பேர், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி வரும்போதும் அது அறிய முடியாத ஆழம் என்று கைவிரிக்கிறவர்கள் உண்டு. கயிறும் கல்லும் பொறுமையும் உள்ள ஒருவர், ஒவ்வொரு துளையாக, ஒவ்வொரு வீடாகப் போனால் அளவு கிடைக்கும். கிராமம் கிராமமாகப் பெயர்களை எழுதிச் சேர்த்தவர்கள் எங்களிடையே செய்ததும் அந்த வேலைதான்.

குளத்திலிருந்து சென்னைக்கு

1846-47 குளிர்காலத்தில் அவரது அமைதி கலைந்தது. நாளாந்தம் நூறு அயர்லாந்துத் தொழிலாளர்கள் மேற்பார்வையாளர்களுடன் ரயிலில் வந்து குளத்தின் ஐஸை வெட்டத் தொடங்கினார்கள். நல்ல நாளில் ஆயிரம் தொன் வரை எடுத்தார்கள். ஐஸ் அப்போது ஏற்றுமதிப் பண்டம். பொஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் கம்பனி 1833 இல் கல்கத்தாவுக்கு முதல் ஐஸ் கப்பலை அனுப்பியிருந்தது. மரத்தூளில் பொதிந்த ஐஸ் நான்கு மாதம் கடலில் போய்ச் சேர்ந்தது. சென்னையில் கடற்கரையை ஒட்டி 1842 இல் ஐஸ் சேமிக்கவென்றே ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணியில் அந்தப் பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை வந்தபின் வணிகம் நின்றது. 1897 இல் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகத் தமிழகம் திரும்பிய விவேகானந்தர் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

தோரோ தன் நூலில் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தன் கிணற்றில் நீர் அருந்துவதாகக் கற்பனை செய்கிறார். அதற்குப் பதிலாகத் தான் தினமும் பகவத் கீதையில் குளிப்பதாகச் சொல்கிறார். அவர் படித்தது சார்ல்ஸ் வில்கின்ஸ் 1785 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. இந்தக் கொடுக்கல் வாங்கலில் குளிருக்குள் நின்று ஐஸ் வெட்டிய கூலிக்காரர்களின் நாட்டில் அதே ஆண்டுகளில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது என்பதையும் நாம் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஓர் இரவுச் சிறை

குளக்கரை வாழ்க்கையின் நடுவில், 1846 ஜூலை மாத இறுதியில், சப்பாத்துத் தைக்கக் கொடுத்ததை எடுத்துவர ஊருக்குப் போனார் தோரோ. வரி அறவிடும் பொறுப்பில் இருந்த சாம் ஸ்டேபிள்ஸ் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். குற்றம், பல ஆண்டுகளாகத் தலைவரி கட்டாதது. மனிதரை ஆடுமாடுபோல விற்கும் அரசுக்கு, மெக்சிக்கோ மீது போர் தொடுத்திருக்கும் அரசுக்கு, தன் காசு போகக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. இரவே யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள். அத்தை மரியா என்பது பொதுவான நம்பிக்கை. காலையில் வெளியே விட்டபோது அவருக்குக் கோபம்தான் வந்தது.

ஓர் இரவு என்பது எங்கள் கணக்கில் ஒன்றுமில்லை. ஆண்டுக்கணக்கில் வழக்கில்லாமல் உள்ளே இருந்தவர்கள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். அந்த இரவிலிருந்து அவர் யோசித்து எழுதியதுதான் நிலைத்தது. 1848 இல் உரையாகவும் 1849 இல் கட்டுரையாகவும் வந்தது. அவர் இறந்தபின் அதற்குச் சட்டமறுப்பு என்ற பொருள்படும் தலைப்புக் கிடைத்தது. சட்டம் ஒருவரை இன்னொருவருக்கு அநீதி செய்யும் கருவியாக்கினால் அந்தச் சட்டத்தை மீறுவதே கடமை என்பது அதன் சாரம்.

தென்னாபிரிக்காவில் இந்தியர்களின் போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த காந்தி 1907 இல் தன் பத்திரிகையில் அந்தக் கட்டுரையை அறிமுகப்படுத்தினார். அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர் ஏராளம். சிறையில் நோயுற்று 1914 பெப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. அங்கிருந்து இந்தியா வந்த சத்தியாக்கிரகம் எங்களிடமும் வந்தது. 1961 பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தமிழரசுக் கட்சி தொடங்கிய மறியல் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பரவியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அதை முடித்துவைத்தன. தலைவர்கள் தடுப்புக்காவலுக்குப் போனார்கள்.

மனச்சாட்சி உள்ள அரசொன்றின் முன்தான் இந்த வழி பலிக்கும் என்று பின்வந்த இளைஞர்கள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் விலையையும் நாங்கள் கொடுத்தோம். ஆனாலும் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது கையில் எடுத்தது மீண்டும் அதே பழைய வழியைத்தான்.

தோரோவும் அகிம்சையின் எல்லைக்குள் மட்டும் நின்றவர் இல்லை. அவரது தாயும் சகோதரிகளும் ஊரின் அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கத்தில் முன்னணியில் இருந்தார்கள். 1846 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அந்தச் சங்கத்தின் கூட்டம் அவரது குளக்கரை வீட்டு வாசலில் நடந்தது. தப்பிவந்த அடிமைகளை அந்தக் குடும்பம் வீட்டில் ஒளித்து வைத்து, கனடாப் பக்கம் ரயிலேற்றி அனுப்பியது. 1859 இல் ஆயுதமேந்தி அடிமை முறையை உடைக்க முயன்ற ஜோன் பிரவுன் பிடிபட்டபோது, ஊரே அஞ்சி ஒதுங்க, அவருக்காக முதலில் பகிரங்கமாகப் பேசியவர்களில் ஒருவர் தோரோ.

முன்னர் குடியிருந்தவர்கள்

வோல்டன் நூலில் குளிர்காலத்தைப் பற்றிய அதிகாரங்களில் ஒன்று, அந்தக் காட்டில் முன்னர் குடியிருந்தவர்களைப் பற்றியது. பனி பெய்து யாரும் வராத இரவுகளில் அவர்களை நினைத்துக்கொண்டு அவர் நெருப்படியில் இருந்திருக்கிறார். அவரது அவரைத் தோட்டத்துக்குக் கிழக்கே கேட்டோ இன்கிரகாம் என்ற கறுப்பின மனிதர் வாழ்ந்தார், ஒரு கனவானின் அடிமையாக இருந்தவர். ஊருக்குக் கிட்டவாக சில்பா என்ற பெண் துணிநூல் நூற்று, உரக்கப் பாடிக்கொண்டு தனியே வாழ்ந்தாள். 1812 ஆம் ஆண்டுப் போரின்போது கைதிகளாக இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் அவள் இல்லாத நேரம் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பூனையும் நாயும் கோழிகளும் அதில் எரிந்தன. பிரிஸ்டர் பிரீமன், அவர் மனைவி பெண்டா, ஒரு குயவர், வோட்டர்லூப் போரில் சண்டையிட்டவர் என்று சொல்லப்பட்ட ஓர் அயர்லாந்துக்காரர் என்று பட்டியல் நீள்கிறது.

அவர்களுடைய வீடுகள் இல்லை. நிலத்தில் பதிந்த நிலவறைக் குழிகள் இருந்தன. கல்லால் மூடிய கிணறு இருந்தது. வாசலில் பிள்ளைகள் நட்ட லைலாக் செடி, வீடு போய், கதவு போய், நிலைப்படி போன பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் பூத்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் செழித்திருக்க இந்தச் சிறிய குடியிருப்பு மட்டும் ஏன் அழிந்தது என்று தோரோ கேட்கிறார். விடை அவர் சொன்ன பெயர்களிலேயே இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை. யாருக்கும் வேண்டாத மணல் காட்டில் ஒதுங்கியவர்களை வறுமையும் ஊரின் புறக்கணிப்பும் கலைத்தன.

மீள்குடியேற்றத்துக்குப் போன ஆட்கள் தங்கள் வளவை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கிணற்றுக்கட்டு, தென்னை, மாமரம், வாசலடிச் செவ்வரத்தை என்றுதான் சொல்வார்கள். சுனாமியும் போரும் சுவர்களை எடுத்துவிட்ட பிறகு மரங்கள்தான் உறுதிப்பத்திரமாக நின்றன. யாரும் திரும்பி வராத வளவுகளிலும் அவை நிற்கின்றன. அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதிவைக்க ஒருவர் வேண்டும். வோல்டன் காட்டின் கறுப்பினக் குடும்பங்களின் பெயர்கள் இன்றைக்கும் பேசப்படுவதற்கு ஒரு காரணம், பனிக்கால இரவுகளில் ஒருவர் அவர்களை நினைத்து எழுதியது.

விற்காத நூல்கள்

1847 செப்டெம்பர் 6 ஆம் திகதி தோரோ குளக்கரையை விட்டு வந்தார். தனக்கு வாழ வேறு வாழ்க்கைகளும் உள்ளன என்று நினைத்ததால் கிளம்பியதாகச் சொல்கிறார். விரும்பியபோது போகவும் விரும்பியபோது திரும்பவும் அவரால் முடிந்தது. எளிமையை அவர் தெரிவு செய்தார். தறப்பாள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் எங்கள் ஆட்கள் வாழ்ந்தது தெரிவல்ல. இந்த வேறுபாட்டை மறந்து அவரை எங்களுக்கு உபதேசமாகச் சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். நிவாரணத்தில் வாழ்ந்தவர்களுக்கு எளிமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

முதல் நூல் 1849 இல் ஆயிரம் பிரதிகள் அச்சானது. நான்கு ஆண்டு கழித்து, விற்காத 706 பிரதிகளைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பினார். அவற்றை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றினார். ஏழு தடவை திருத்தி எழுதிய வோல்டன் 1854 ஓகஸ்ட் 9 ஆம் திகதி வெளிவந்தது. அதுவும் மெதுவாகத்தான் விற்றது. பிழைப்புக்கு நில அளவை செய்தார். தந்தையின் பென்சில் தொழிலைக் கவனித்தார். காரீயத்தைக் களிமண்ணுடன் கலந்து அவர் செம்மைப்படுத்திய பென்சில்கள் நாட்டிலேயே நல்லவை என்று பெயரெடுத்தன.

எந்தப் பூ எந்தத் திகதியில் பூத்தது, குளம் எப்போது உருகியது என்று ஆண்டாண்டாக எழுதிவந்தார். அப்போது அதற்குப் பெரிய பயன் தெரியவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளை இன்றைய நாட்களுடன் ஒப்பிட்டார்கள். கொன்கோர்ட்டில் பல செடிகள் முன்னரைவிட முந்திப் பூக்கின்றன, குளத்து ஐஸும் முந்தி உருகுகிறது என்று தெரிந்தது. காலநிலை மாற்றத்துக்கு அது இன்று ஒரு சான்று.

1860 டிசம்பரில் குளிரில் நின்று வெட்டிய மரக்குற்றிகளின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது தடிமன் பிடித்தது. உள்ளே இருந்த கசநோய் எழும்பியது. அக்கா ஹெலனையும் அதே நோய் முன்னர் கொண்டுபோயிருந்தது. மாற்றுக் காற்றுக்கென மினசோட்டா போய்ப் பார்த்தார், பயனில்லை. படுத்துக்கொண்டே கட்டுரைகளைத் திருத்தினார். எழுத முடியாதபோது தங்கை சோபியா எழுதினாள். 1862 மே 6 ஆம் திகதி காலை, உள்நாட்டுப் போர் நாட்டை எரித்துக்கொண்டிருந்த நாட்களில், 44 ஆவது வயதில் இறந்தார்.

அந்தப் போர் முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அடிமை முறை ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. எஞ்சிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டவள் சோபியா. நாட்குறிப்பு முழுமையாக 14 தொகுதிகளில் வர 1906 ஆனது. குளக்கரை வீட்டைப் பிறகு பெயர்த்து எடுத்து, தானியம் போட்டு வைக்கப் பயன்படுத்தி, கடைசியில் அதன் பலகைகளையும் வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தைக் காட்டப் பின்னாளில் வந்தவர்கள் ஆளுக்கொரு கல் போட்டார்கள். இன்று அங்கே ஒரு கற்குவியல் இருக்கிறது. அயர்லாந்துக்காரர் ஒருவரின் குடிசையிலிருந்து வந்த பலகைகள் எந்தெந்த வீட்டில் போய்ச் சேர்ந்தனவோ, அங்கெல்லாம் யாரோ குளிருக்கு ஒதுங்கியிருப்பார்கள்.